மறித்த பொதுவழியும் அசையாத கவுன்சிலும்: புகாரை ஓம்புட்ஸ்மன் வரை கொண்டுபோகும் முறை

இங்கிலாந்தில் ‘ஃபுட்பாத்’ என்றால் சாலையோர நடைமேடை இல்லை. ஒருவருடைய வயலுக்குள்ளும் மேய்ச்சல் நிலத்துக்குள்ளும், சில இடங்களில் வீட்டு முற்றத்தை ஒட்டியும் போகிற பொதுவழி அது. நிலம் அவருடையது, நடக்கும் உரிமை எல்லாருடையது. பிரைடில்வேயில் குதிரைக்கும் சைக்கிளுக்கும் அந்த உரிமை உண்டு. மஞ்சள் அம்பு இருந்தால் நடைவழி, நீல அம்பு இருந்தால் பிரைடில்வே.

வழியை யாராவது மறித்தால் அந்த உரிமையைக் காக்கிற கடமை, 1980 ஹைவேஸ் சட்டத்தின் 130ஆம் பிரிவுப்படி, ஹைவே நிர்வாக அமைப்பான கவுன்சிலுடையது (கவுன்சில் என்றால் உள்ளாட்சி மன்றம்). நாட்டுப்புறத்தில் அது கவுன்டி கவுன்சில் (மாவட்ட அளவிலானது) அல்லது யூனிட்டரி கவுன்சில் (எல்லா உள்ளாட்சி வேலைகளையும் ஒன்றே பார்ப்பது). ஊர் அளவிலான பாரிஷ் கவுன்சிலுக்கு எழுதிக்கொண்டே மாதங்களைத் தொலைப்பவர்கள் உண்டு. கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் சுதந்திரமான அமைப்பான ஓம்புட்ஸ்மனிடம், பாரிஷ் கவுன்சில் மீது போகவும் முடியாது.

முதல் வேலை, டெஃபினிட்டிவ் மேப்பைப் பார்ப்பது. கவுன்சில் வைத்திருக்கும் சட்டபூர்வ வரைபடம் அது. யாரும் கேட்டுப் பார்க்கலாம். பாதை எண்ணை அதிலிருந்தே எடுக்க வேண்டும். கூடவே உள்ள ஸ்டேட்மென்டில் சில பாதைகளுக்கு அகலமும் எழுதியிருக்கும். அப்படி இருந்தால் பாதி வாதம் அங்கேயே முடிந்துவிடும். பாதை வரைபடத்திலேயே இல்லை என்றால் கதை வேறு. அதைப் பிறகு சொல்கிறோம்.

“பாதை அடைபட்டிருக்கிறது, ஏதாவது செய்யுங்கள்” என்று எழுதினால் எதுவும் நடக்காது. பாதை எண், வரைபடத்தில் இடத்தைக் காட்டும் எட்டு இலக்க கிரிட் எண் (ஆறு இலக்கம் 100 மீட்டர் சதுரத்தைத்தான் காட்டும், எட்டு இலக்கம் 10 மீட்டருக்குள் கொண்டுவரும்), பார்த்த தேதி, தடை என்ன என்பது எல்லாம் வேண்டும். கேட்டில் சங்கிலி என்றால் பூட்டு தெரிகிற ஒரு படம், கேட்டும் வழிகாட்டிப் பலகையும் சேர்ந்து தெரிகிற இன்னொரு படம். மக்காச்சோளத்துக்குள் போகிற பாதை என்றால் இரண்டு தட்டைகளுக்கு நடுவே டேப்பை நீட்டி, எண் தெரியும்படி படம் எடுங்கள். வயலுக்குக் குறுக்கே போகும் நடைவழிக்குக் குறைந்தது 1 மீட்டர், பிரைடில்வேக்கு 2 மீட்டர். வரப்போரமாகப் போனால் 1.5 மீட்டரும் 3 மீட்டரும். ஸ்டேட்மென்டில் அகலம் இல்லாதபோது இந்த அளவுகள்தான் கணக்கு. குறுக்குப் பாதையை உழலாம். ஆனால் முதல் உழவுக்குப் பிறகு 14 நாளுக்குள்ளும், அதே பயிருக்கான அடுத்த வேலைகளுக்குப் பிறகு 24 மணி நேரத்துக்குள்ளும் நடக்கத் தோதாகச் சரிசெய்து கொடுக்க வேண்டும். வரப்போரப் பாதையை உழவே கூடாது.

பெரும்பாலான கோப்புகள் சறுக்குவது அடுத்த இடத்தில். இணையப் படிவத்தில் தடையைத் தெரிவிப்பது கவுன்சில் கணக்கில் ‘சேவைக் கோரிக்கை’தான், புகார் ஆகாது. ஒரு வருடத்தில் ஆறு முறை தெரிவித்தாலும் ஆறு கோரிக்கைகளே. நியாயமான காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “இது முறையான புகார், முதல் கட்டத்தில் பதியுங்கள்” என்று தனியாக எழுத வேண்டும். ஓம்புட்ஸ்மன் 2024இல் வெளியிட்ட புகார் நெறிமுறைப்படி முதல் கட்டப் பதிலுக்கு 10 வேலைநாள், அதில் திருப்தியில்லை என்று மேலே கொண்டுபோகும் இரண்டாம் கட்டத்துக்கு 20 வேலைநாள்.

அந்தக் கடிதத்தில் பண்ணைக்காரரைத் திட்டாதீர்கள். அவர் செய்தது சரியா தவறா என்று ஓம்புட்ஸ்மன் பார்ப்பதில்லை, பாதையைப் பார்க்க ஆளும் வராது. கவுன்சில் எப்போது அறிந்தது, என்ன செய்வதாகச் சொன்னது, சொன்னபடி செய்ததா, தன் கொள்கைப்படி நடந்ததா என்பதே அங்கே கேள்வி. அதனால் கோப்பின் முதுகெலும்பு தேதிப் பட்டியல்தான். கவுன்சிலின் உள்குறிப்புகளைச் சுற்றுச்சூழல் தகவல் விதிகள் 2004இன் கீழ் கேளுங்கள். 20 வேலைநாளில் பதில் தர வேண்டும். “பார்வையிட்டோம்” என்று கடிதம் சொல்லும் நாளில் பார்வையிட்ட குறிப்பே இல்லாமல் இருந்தால், அதைவிட நல்ல சான்று கிடையாது.

பயிர்த் தடைக்கு ஒரு தனிச் சிக்கல். மக்காச்சோளம் மே மாதம் முளைக்கிறது. இரண்டாம் கட்டப் பதில் கைக்கு வரும்போது அறுவடையே முடிந்திருக்கும். “தடை நீங்கிவிட்டது, கோப்பை மூடுகிறோம்” என்பார்கள். போன வருடப் படங்களையும் சேர்த்து, ஆண்டுதோறும் தெரிந்தும் கவுன்சில் நடவடிக்கை எடுக்கவில்லை என்று புகாரை அமைத்தால் மூடுவது அத்தனை எளிதில்லை.

பூட்டிய கேட், குறுக்கே போட்ட வேலி மாதிரி நிலையான தடைக்கு, அதே ஹைவேஸ் சட்டத்தில் 130ஏ நோட்டீஸ் என்று ஒரு குறுக்குவழி உண்டு. அதற்கான படிவத்தில் கவுன்சிலுக்கு நோட்டீஸ் கொடுத்தால், என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு மாதத்துக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும். தடை நீடித்தால் இரண்டு மாதத்துக்குப் பிறகு மேஜிஸ்ட்ரேட் நீதிமன்றம் போகலாம். வீடோ கட்டடமோ மறித்தால் இது செல்லாது. பாதை சேறாகிக் கிடப்பதற்கும் செல்லாது. பழுதுக்கு அதே சட்டத்தின் 56ஆம் பிரிவு. எங்கள் அனுபவத்தில் நோட்டீஸ் போனதுமே பல கேட்டுகள் திறந்துவிடுகின்றன, நீதிமன்றம் வரை போக வேண்டியிருப்பதில்லை. ஆனால் வழக்குப் போட்டுவிட்டால் அதே விஷயத்தை ஓம்புட்ஸ்மன் எடுக்க முடியாது. எந்த வழி என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வரைபடத்தில் இல்லாத பாதைக்கு, 1981 வைல்ட்லைஃப் அண்ட் கன்ட்ரிசைட் சட்டத்தின் 53ஆம் பிரிவின் கீழ் அதைச் சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். இருபது ஆண்டு தடையின்றிப் பொதுமக்கள் பயன்படுத்தியதற்குச் சாட்சிப் படிவங்கள் தேவை. வரிசை மிக நீளம். கவுன்சில் தன் முன்னுரிமைக் கொள்கைப்படி வரிசையில் வைத்திருந்தால், தாமதம் ஒன்றையே தவறாக ஓம்புட்ஸ்மன் காண்பது அரிது. பன்னிரண்டு மாதத்தில் முடிவு வராவிட்டால், முடிவெடுக்க உத்தரவிடும்படி அமைச்சரிடம் கேட்கலாம். இங்கே ஒரு பொறி: அந்தப் பன்னிரண்டு மாதம் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து ஓடுவதில்லை. நில உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டேன் என்ற சான்றிதழ் கவுன்சில் கைக்குப் போன நாளிலிருந்துதான் ஓடும். அந்தச் சான்றிதழைக் கொடுக்க மறந்து, மூன்று வருடம் காத்திருந்தும் கடிகாரம் தொடங்கவே இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டவர்கள் உண்டு.

ஓம்புட்ஸ்மனிடம் போகவும் பன்னிரண்டு மாதம்தான் கெடு. அது கவுன்சிலின் கடைசிக் கடிதத்திலிருந்து தொடங்குவதில்லை, பிரச்சினை உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து தொடங்குகிறது. கவுன்சில் இழுத்தடித்தால் அந்த இழுத்தடிப்பைத் தேதியோடு காட்டி முன்னதாகவே போங்கள். உங்களுக்கு என்ன பாதிப்பு என்பதையும் எழுதுங்கள். “பொது உரிமை பறிபோனது” என்றால் போதாது. குதிரையை வேகமாக வண்டிகள் ஓடும் சாலையில் எத்தனை கிலோமீட்டர் கூடுதலாக ஓட்டிப்போக வேண்டியிருக்கிறது, வாரத்தில் எத்தனை நாள் என்பதே பாதிப்பு.

விசாரணை நடந்தால் இறுதி முடிவுக்கு முன் வரைவு இரு தரப்புக்கும் வரும். மனத்தாங்கலைக் கொட்ட அது இடமில்லை. தேதியும் பாதை எண்ணும் கிரிட் எண்ணும் சரியா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். கவுன்சில் செய்ய ஒப்புக்கொண்ட வேலைக்குக் காலக்கெடு எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். ஓம்புட்ஸ்மன் பரிந்துரைக்கத்தான் முடியும், கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் ஒப்புக்கொண்ட கெடு தவறினால் அதே கோப்பு எண்ணைப் போட்டு, பூட்டு இன்னும் தொங்குகிற படத்தோடு மறுபடி எழுதலாம்.