இதோ வந்துட்டேன்

காலையில் நண்பனுக்கு போன் போட்டேன். "இதோ வந்துட்டேன்டா" என்றான். பின்னால் பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தம். ஆள் இன்னும் குளித்தே முடிக்கவில்லை, வினைமுற்று மட்டும் இறந்தகாலத்தில் வந்து சேர்ந்துவிட்டது.

கோபப்படவும் முடியாது, இலக்கணமே அவன் பக்கம். விரைவு, மிகுதி, தெளிவு காரணமாகக் காலம் மாறி வந்தால் குற்றமில்லை என்று நன்னூல் விட்டுக்கொடுத்திருக்கிறது. பள்ளியில் கால வழுவமைதி என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான்.

பஸ் ஸ்டாப்பில் நின்றபடி ஐன்ஸ்டைனை நினைத்துக்கொண்டேன். 1955 மார்ச்சில் நெடுநாள் நண்பர் மிக்கேல் பெஸ்ஸோ இறந்தபோது, அவர் குடும்பத்துக்கு எழுதிய கடிதத்தில், முக்காலம் என்ற பிரிவே விடாப்பிடியான ஒரு மாயை என்றார். அடுத்த மாதமே அவரும் போய்விட்டார். வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை அது. அவருடைய சார்பியல் கோட்பாட்டின்படி, எனக்கு ஒரே நேரத்தில் நடக்கும் இரண்டு சம்பவங்கள், என்னைக் கடந்து பாய்ந்து போகிறவருக்கு முன்னும் பின்னுமாக நடக்கலாம். அப்படியானால் எல்லோருக்கும் பொதுவான 'இப்போது' எங்கே இருக்கிறது?

கழுத்தில் சுள்ளென்று அடித்த வெயில்கூட எட்டு நிமிடத்துக்கு முன்னால் சூரியனை விட்டுக் கிளம்பியது. பழைய வெயில்!

ஆனாலும் முக்காலமும் மாயை என்று முழுசாக ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. சூடான காபி ஆறுகிறது, ஆறிய காபி தானாகச் சூடாவதில்லை. மாயைக்கு இவ்வளவு கறார் எதற்கு?

நாற்பது நிமிடம் கழித்து ஈரத்தலையோடு வந்தான். "அப்பவே வந்துட்டேன்னு சொன்னேன்ல?"