கூடை ஏன் காலியாக இருந்தது?

2013. ஐபோன் ஆப்களை ஆப்ஜெக்டிவ்-சி மொழியில் எழுதிய காலம், அடுத்து வந்த ஸ்விஃப்ட் மொழிக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. ஐபோனுக்கு ஒரு மளிகை ஆப் எழுதிக்கொண்டிருந்தேன். முதல் டேபில் பொருள் பட்டியல், அடுத்ததில் கூடை. அரிசி, பருப்பு என்று தட்டத் தட்ட லாக்கில், அதாவது ஆப் எழுதிவைக்கும் பதிவில், எண்ணிக்கை ஏறுகிறது. கூடை டேபுக்குப் போனால் ஒன்றுமில்லை. ஒரு முழு நாள் இதிலேயே போயிற்று.

நான் செய்திருந்தது இவ்வளவுதான்: பட்டியல் கன்ட்ரோலருக்குள் (ஒரு திரையை இயக்கும் பகுதிதான் கன்ட்ரோலர்) கூடை கன்ட்ரோலரை அலாக்-இனிட் செய்து, அதாவது புதிதாக ஒன்றை உருவாக்கி, அதன் அரேயில், பொருள்களை வரிசையாக வைக்கும் இடத்தில், பொருளைப் போட்டேன். டீம் லீட் அக்கா எட்டிப் பார்த்தார். "நீ போடுற கூடையோட அட்ரஸ் ஒண்ணு, திரையில தெரியுறதோட அட்ரஸ் ஒண்ணு, ரெண்டையும் பிரிண்ட் பண்ணுப்பா." பண்ணினேன். நினைவகத்தில் இருக்கும் இடத்தைச் சொல்லும் அந்த எண்கள் இரண்டும் வேறு வேறு. "பக்கத்து வீட்டுல குடுக்க வேண்டிய சாவியை, அதே பிளான்ல புதுசா ஒரு வீடு கட்டி அங்க வச்சுட்டு வந்திருக்கே."

பிளான் மாதிரியான கிளாஸ் ஒன்றுதான், அதை வைத்துக் கட்டிய வீடு மாதிரியான ஆப்ஜெக்ட் இரண்டு. திரையில் இருப்பதை டேப் பார் முன்பே உருவாக்கி வைத்திருக்கிறது. என்னுடையது யார் கண்ணிலும் படாமல் நிரம்பிக்கொண்டிருந்தது.

கூடையை சிங்கிள்டனாக்கினேன், அதாவது ஆப் முழுவதற்கும் ஒன்றே ஒன்று. டிஸ்பாட்ச் ஒன்ஸ் போட்டால் ஒரே ஒருமுறைதான் உருவாகும், எந்தத் திரையிலிருந்தும் எடுக்கலாம். முதல் தடவை சரியாக வந்தது, அதன் பிறகு புதுப் பொருள் தெரியவில்லை. பட்டியலைப் புதுப்பிக்கும் ரீலோடை வியூ டிட் லோடில் வைத்திருந்தேன்; திரை ஏற்றப்படும்போது ஓடும் அது அந்தத் திரைக்கு ஒருமுறைதான் ஓடும். திரை தெரியப்போகும் ஒவ்வொரு முறையும் ஓடும் வியூ வில் அப்பியருக்கு அதை மாற்றியதும் தீர்ந்தது.

பெரிய அடி டெஸ்டரிடமிருந்து வந்தது. ஒரு கணக்கிலிருந்து லாக் அவுட் செய்து வேறு கணக்கில் நுழைந்தால், முந்தையவரின் பருப்பு அப்படியே கூடையில் இருக்கிறது! சிங்கிள்டன் ஆப் சாகும்வரை சாகாது. எனக்கு இது கண்ணில் படாததற்கும் காரணம் உண்டு: ஆப் எழுதும் மென்பொருளான எக்ஸ்கோடில் ரன் அழுத்தும்போதெல்லாம் ஆப் செத்துப் பிழைக்கும், கூடையும் புதிதாகிவிடும்.

லாக் அவுட்டில் அரேயைக் காலி செய்தால் அன்றைக்குத் தப்பிக்கலாம். ஆனால் இப்படிக் காலி செய்ய வேண்டியவை நாளைக்கு இன்னும் நாலு சேரும், ஒன்றை யாராவது மறப்பார்கள். அதனால் லாக் இன் ஆனதும் ஒரு கூடை ஆப்ஜெக்டை உருவாக்கி, இரண்டு கன்ட்ரோலர்களுக்கும் ப்ராப்பர்ட்டியாக, அவை தம்மிடம் வைத்துக்கொள்ளும் ஒன்றாக, கையில் கொடுத்தேன். வெளியேறினால் திரைகளோடு சேர்ந்து அதுவும் போய்விடும்.

அக்கா தலையாட்டிவிட்டு, சிங்கிள்டன் மாதிரியே ஆப் சாகும்வரை இருக்கும் ஆப் டெலிகேட்டின் ஃபைலைத் திறந்தார். எல்லாத் திரைக்கும் பொது என்று பதினொரு ப்ராப்பர்ட்டிகள் அங்கே குவிந்து கிடந்தன. "இதெல்லாம் யாரு போட்டது?"

ஏழு என்னுடையவை.