சிவாஜிநகர் மாதாவுக்கு அத்தை நேர்ந்த புடவை

எங்கள் பையனுக்கு டெங்கு வந்து பிளேட்லெட் 18,000-க்கு இறங்கிய ராத்திரி, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெபமாலையும் கையுமாக உட்கார்ந்தபடி அத்தை நேர்ந்துகொண்டார், பிள்ளை நடந்து வீட்டுக்கு வந்தால் இந்தத் திருவிழாவுக்கே புடவையோடு வருகிறேன் தாயே என்று. பிள்ளைக்கு ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே என்னைக் கடைக்கு அனுப்பிப் புடவையும் வாங்க வைத்துவிட்டார். மாம்பழ நிறம், அரக்குக் கரை. எனக்கோ உள்ளுக்குள் பயம்தான்.

மாதாவின் கருணை, செப்டம்பர் 7 சாயங்காலம் டிஸ்சார்ஜ். மறுநாள் எட்டாம் தேதி, மாதா பிறந்தநாள் திருவிழா. அன்றைக்கு சிவாஜிநகர் எப்படி இருக்கும் என்று பெங்களூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "கூட்டத்துல நசுங்கிடுவீங்கம்மா, அடுத்த சனிக்கிழமை நிம்மதியாப் போகலாம்" என்றார் என் வீட்டுக்காரர். சென்னையிலிருந்து போனில் நாத்தனாரும் அதையேதான் சொன்னார். அத்தை கேட்டது ஒன்றே ஒன்று: "நாம கேட்டப்போ மாதா அடுத்த சனிக்கிழமை பாக்கலாம்னா சொன்னாங்க?" அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? பையனை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு விடியும் முன்பே லிங்கராஜபுரத்திலிருந்து கிளம்பிவிட்டோம்.

ஆட்டோக்காரர் வாய் கூசாமல் முந்நூறு கேட்டார், அதுவும் பாதி வழியில் தடுப்பு போட்டிருக்கிறது என்று இறக்கிவிட்டார். அப்புறம் நடைதான். மெழுகுவர்த்தி விற்கிறவர்கள் கையைப் பிடித்துத் திணிக்கிறார்கள், வேண்டாம் என்றால் முந்தானையை இழுக்கிறார்கள், செருப்பு பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு பையன் விடாமல் பின்னாலேயே வருகிறான். ஒவ்வொரு வருஷமும் இதே கதை, இதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தக் கூடாதா! தூறல் வேறு. அத்தைக்கு முழங்கால் வலி, ஆனால் கொடியேற்றத்திலிருந்து கட்டுகிற காவிப் புடவையோடு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். செஞ்சிப் பக்கத்துக்காரர், அந்தக் காலத்தில் அங்கிருந்து பிழைக்க வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள்தான் காணிக்கை மாதாவுக்கு இங்கே முதலில் சின்னக் கோயில் கட்டியவர்கள் என்பதால், 1882-இல் எழுந்த இந்தக் கோபுரத்தைக் கண்டாலே "எங்க ஊர் ஆளுங்க கோயில்" என்று ஒரு மிதப்பு.

தமிழ்ப் பூசைக்கு உள்ளே இடமில்லை, வெளியே ஸ்பீக்கருக்குக் கீழே நின்றோம். மாதா பிறந்தநாள் நற்செய்தி தெரியுமே, ஆபிரகாமில் ஆரம்பித்து நீளமாகப் பெயர்கள் வரும், கடைசியில் யோசேப்புக்குக் கனவில் தூதர் தோன்றுவார், இம்மானுவேல் என்கிற வசனத்தோடு முடிந்துவிடும். சாமியார் பிரசங்கத்தில், "வாசகம் இங்கே நின்றுவிட்டது, வீட்டுக்குப் போய் அடுத்த வசனத்தையும் வாசியுங்கள்" என்றார். யோசேப்பு தூங்கி எழுந்தார், தூதர் சொன்னபடியே செய்தார், அவ்வளவுதான் அடுத்த வசனம். நற்செய்திகள் நான்கிலும் அந்த மனிதர் வாய் திறந்து பேசியதாக ஒரு வார்த்தை இல்லை. எகிப்துக்கு ஓடு என்றபோதும் ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு போனவர். எனக்கு அத்தையைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவரோ பையிலிருக்கும் புடவை நனைகிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரிசை நகர்ந்து நகர்ந்து ஒருவழியாக மாதா முன்னால் போய் நின்றோம். பட்டுப் புடவை, பூமாலை, கையில் குழந்தை. இதைச் சொல்ல வேண்டும், அதைக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன், நாத்தனார் பெண்ணின் கல்யாணம், வீட்டுக் கடன் எல்லாம். தொண்டர்கள் "நகருங்க, நகருங்க" என்று தள்ளுகிறார்கள், அத்தை இரண்டு கையையும் கூப்பி, "வந்துட்டேம்மா" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. நானும் எல்லாவற்றையும் மறந்து அழுதுகொண்டே நின்றேன்.

காணிக்கை வாங்கும் இடத்தில் ஒருவர் புடவையை வாங்கி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பின்னால் குவிந்திருந்த புடவைகள் மேல் போட்டார். எனக்கு மனசு சுருக்கென்றது. இதை மாதாவுக்குக் கட்டுவார்களா என்று அவரிடம் கேட்கப் போனேன். அத்தை என் கையைப் பிடித்து இழுத்தார். "குடுக்கறேன்னு சொன்னேன், குடுத்தாச்சு. கட்டிக்கறதும் கட்டிக்காததும் அவங்க இஷ்டம், வா."

மாதாவே, என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தீர்கள், அதோடு இப்படி ஒரு மாமியாரையும் கொடுத்திருக்கிறீர்கள், எதற்கென்று நன்றி சொல்வேன்! சாயங்காலத் தேர்பவனிக்கு இருக்க முடியவில்லை, பையனுக்குக் கஞ்சி கொடுக்க வேண்டும். திரும்பும்போது ஆட்டோவில் அத்தை மெதுவாகச் சொன்னார், அதே ராத்திரியில் விவேக்நகர் குழந்தை இயேசுவுக்கும் ஒன்று நேர்ந்திருக்கிறாராம். "வர்ற வியாழக்கிழமை லீவு போட்டுடு."