நாலு வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை

ரயில்வே புக்கிங் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதனாலோ என்னவோ, வரலாற்றாசிரியர் ரவுல் ஹில்பர்க் எழுதியதில் என்னை மேலே படிக்கவிடாமல் நிறுத்தியது ரயில் கட்டணம் பற்றிய பகுதிதான்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாஜிகள் யூதர்களைக் கொலை முகாம்களுக்குக் கொண்டுபோனதற்கு ஜெர்மன் ரயில்வே கட்டணம் வசூலித்தது. அடைத்தது பெரும்பாலும் சரக்கு வேகன்களில். கணக்குப் போட்டது மூன்றாம் வகுப்புக்கு, ஆளுக்குக் கிலோமீட்டருக்கு 4 ஃபெனிக் (ஜெர்மன் சில்லறைக் காசு). 10 வயதுக்குக் கீழே அரை டிக்கெட், 4 வயதுக்குக் கீழே இலவசம். 400 பேர் சேர்ந்தால் குழுச் சலுகை, பாதிக் கட்டணம். போகிறவர்களுக்கு ஒருவழி டிக்கெட். காவலர்களுக்கு மட்டும் போக வர. அரை டிக்கெட்டும் குழுச் சலுகையும் என் கையால் தினமும் போட்ட கணக்குகள். அந்தக் கணக்கைப் போட்டவரும் என்னைப் போல ஒரு கிளார்க்தானே?

ஹில்பர்க் தேடியதும் அவரைத்தான். எந்த இலாகா எந்தக் காகிதத்தில் கையெழுத்திட்டது, நகல் யாருக்குப் போனது என்று பார்த்தார். டிரெப்ளிங்கா முகாமுக்குப் போன ரயில்களின் கால அட்டவணை உத்தரவில் 'ரகசியம்' என்ற முத்திரைகூட இல்லை, அலுவலக உபயோகத்துக்கு மட்டும் என்றுதான் இருந்தது என்பதைக் கவனித்தவர் அவர். நிரம்பிப் போன ரயில் காலியாகத் திரும்பியதும் அதே தாளில் இருக்கிறது.

ஹில்பர்க் 1926-இல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1939-இல் குடும்பத்தோடு தப்பி, கியூபா வழியாக அமெரிக்கா போனார். அமெரிக்கப் படைவீரராக ஜெர்மனிக்குத் திரும்பி, மியூனிக்கில் ஹிட்லரின் சொந்தப் புத்தகங்கள் பெட்டிகளில் கிடந்ததைக் கண்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யூதர்களின் அழிவையே ஆய்வுக்கு எடுத்தபோது, நீயே உனக்குக் குழி வெட்டிக்கொள்கிறாய் என்ற பொருளில் எச்சரித்துவிட்டுத்தான் பேராசிரியர் ஃபிரான்ஸ் நோய்மான் சம்மதித்தார். அப்போது இதை ஆராய்ந்தவர்கள் மிகச் சிலரே.

எச்சரிக்கை பொய்யாகவில்லை. 'ஐரோப்பிய யூதர்களின் அழிவு' நூலைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் திருப்பியனுப்பியது. கொல்லப்பட்ட யூதர்களின் நினைவு நிறுவனமான ஜெருசலேமின் யாத் வஷேமும் மறுத்தது. ஜெர்மன் ஆவணங்களையே பெரிதும் நம்பியிருக்கிறார், யூதர்களின் எதிர்ப்பைக் குறைத்து மதிப்பிடுகிறார் என்பது யாத் வஷேம் சொன்ன குறை. அதில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். கொன்றவர்களின் காகிதத்தில் செத்தவர்களின் குரல் எப்படிக் கேட்கும்? ஆனால் கொன்றவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்பதை யாராவது இந்த அளவுக்குத் துருவித்தான் ஆகவேண்டியிருந்தது.

கடைசியில் அகதியாக வந்த ஒரு குடும்பம் 15,000 டாலர் கொடுத்து உதவ, 1961-இல் சிகாகோவின் ஒரு சிறு பதிப்பகம் வெளியிட்டது. ஜெர்மனியில் ஒரு பெரிய பதிப்பகம் ஒப்பந்தம் போட்டுவிட்டுப் பின்வாங்கியது. ஜெர்மன் பதிப்பு வர 1982 ஆயிற்று.

அவர் 1956-இலிருந்து 1991 வரை வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். புது ஆவணம் கிடைக்கக் கிடைக்கப் புத்தகத்தில் சேர்த்தபடியே இருந்தார். 2003-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது.