சேலத்து நாய் ஜெர்மனிக்கு வரும் முன்: நாலு மாத வேலை

சேலத்தில் ராத்திரி கேட் பக்கம் யார் நடந்தாலும் குரைக்கிற நாய்க்கு நல்ல பேர்; காவலுக்குக் கெட்டி என்பார்கள். அதே நாய் ஜெர்மனியில் மூன்றாம் மாடி வாடகை வீட்டில் குரைத்தால் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வரும். ராத்திரி 10 முதல் காலை 6 வரை இங்கே அமைதி நேரம். நாயையும் கூட்டி வர நினைக்கிறவர்கள் பேப்பர் வேலையிலேயே மூழ்கிவிடுகிறார்கள். பேப்பருக்காகக் காத்திருக்கும் மாதங்கள்தான் நாயைப் பழக்கவும் கிடைக்கிற மாதங்கள்.

முதலில் அந்தப் பேப்பர் கணக்கு. தோலுக்கடியில் 15 இலக்க எண்ணுள்ள மைக்ரோசிப் வைத்து, அதற்குப் பிறகுதான் ரேபிஸ் தடுப்பூசி போட வேண்டும். சிப்புக்கு முன் போட்ட ஊசி, வருஷம் தவறாமல் போட்டதாக இருந்தாலும், செல்லாது. ஊசி போடும்போது குட்டிக்கு 12 வாரம் நிரம்பியிருக்க வேண்டும். 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும். ரத்தத்தில் ரேபிஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யூ.வுக்கு (சர்வதேச அலகு) குறையக் கூடாது. ரத்தம் எடுத்த தேதியிலிருந்து மூன்று மாதம் காத்திருப்பு. அடுத்த ஊசியைத் தவணைக்குள் போடாமல் விட்டால் ரத்தப் பரிசோதனை மறுபடியும் முதலிலிருந்து. சிப் எண்ணில் ஒரு இலக்கம் தவறினாலும் சிக்கல்தான். ஊசி, ரத்தம் என்று ஒவ்வொரு முறையும் டாக்டரை ஸ்கேன் செய்யச் சொல்லி, திரையில் தெரியும் எண்ணைத் தடுப்பூசிப் புத்தகத்தோடு நீங்களே ஒத்துப் பாருங்கள். கடைசிச் சான்றிதழ் மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தில். சென்னையிலும் உண்டு, பெங்களூரிலும் உண்டு. கையெழுத்தான நாளிலிருந்து 10 நாளுக்குள் ஒன்றியத்துக்குள் நுழைந்துவிட வேண்டும். பிட்புல், புல் டெரியர் வகைகளுக்கு 2001 முதல் ஜெர்மனியில் இறக்குமதித் தடை இருக்கிறது. வெளிநாடு போகும் யோசனை உள்ளவர்கள் அந்தக் குட்டியை வாங்கவே வேண்டாம்.

இனி பழக்கம். முதல் சிக்கல், யாரும் யோசிக்காத சிக்கல், வெளிக்குப் போவது. கொல்லையிலோ மொட்டை மாடியிலோ அவிழ்த்துவிட்டு வளர்த்த நாய் சிமெண்ட் தரையைத்தான் தேடும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீங்கள் பக்கத்தில் நின்றால் அடக்கிக்கொள்ளும். இங்கே அதற்குப் புல்தரையும் கயிறும் தவிர வேறு வழியில்லை. சாப்பிட்டுக் கால் மணி நேரம் கழித்துக் கயிறு கட்டி, புல் உள்ள இடமாகப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் அதே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். நாயோடு சுற்றாமல் அங்கேயே நில்லுங்கள். போகாவிட்டால், வீட்டில் அது ஒண்ணுக்குப் போனதைத் துடைத்த காகிதத்தை அடுத்த தடவை அந்தப் புல்லில் போடுங்கள். வாசனை வேலை செய்யும். முடித்த மறு நொடி ஒரு துண்டு ஈரல். பிறகு கட்டாயம் கொஞ்ச தூரம் நடை. முடித்ததும் வீட்டுக்கு இழுத்து வந்தால், முடித்தால் உலா முடிந்துவிடும் என்று கற்றுக்கொண்டு அரை மணி நேரம் இழுத்தடிக்கும். சித்திரை, வைகாசியில் இதையெல்லாம் ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு நொடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் அது சூடுதான்.

அடுத்தது வாய்க்கூடு, கடிக்காமலிருக்க நாயின் வாயில் மாட்டுவது. ஜெர்மன் ரயிலில் கூடைக்குள் அடங்காத நாய்க்கு டிக்கெட், கயிறு, வாய்க்கூடு மூன்றும் வேண்டும். கடையில் முதலில் எடுத்துக் காட்டுகிற நைலான் குழாய் வேண்டாம். அது வாயை இறுக்கி மூடிவிடும். நாய் உடல் சூட்டைத் தணிப்பதே நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதால்தான், சேலத்து வெயிலில் அதைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. உள்ளே வாய் திறந்து தண்ணீர் குடிக்கிற அளவு கூடை வகைதான் சரி. கூட்டின் உள்முனையில் கெட்டித் தயிர் தடவி நீட்டுங்கள். மூக்கை அதுவாக விட்டு நக்கட்டும், நீங்கள் மாட்டக் கூடாது. ஒரு தடவைக்கு ஐந்தாறு முறை, மூன்று நாள். நாலாம் நாள் வாரைக் காதுக்குப் பின்னால் பிடித்து, கட்டாமல் விடுங்கள். பிறகு ஒரு நொடி கட்டி அவிழ்ப்பது, ஐந்து நொடி, ஒரு நிமிடம். முன்காலால் பிறாண்டினால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். முந்தின நாள் நிலைக்குத் திரும்புங்கள்.

விமானக் கூண்டுக்கும் இதே நிதானம்தான். மூக்கு நுனியிலிருந்து வால் அடி வரையுள்ள நீளத்தோடு தரையிலிருந்து முழங்கை வரையுள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோள் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு அகலம். நிற்கும்போது தலை அல்லது காது நுனி வரை, விரிப்பின் கனத்தையும் சேர்த்து, உயரம். முதல் வாரம் கதவைக் கழற்றி வைத்து, சாப்பாட்டுத் தட்டை உள்ளே தள்ளுங்கள். அப்புறம் சாப்பிடும்போது மட்டும் கதவு, பிறகு ராத்திரி முழுக்க. முனகும்போது திறந்தால் முனகினால் கதவு திறக்கும் என்று பதிந்துவிடும். இரண்டு நொடி ஓயட்டும், அப்போது திறந்துவிடுங்கள். தூக்க மருந்து கொடுக்கச் சொல்ல நாலு பேர் இருப்பார்கள். வேண்டாம்: பறக்கும் உயரத்தில் மூச்சும் ரத்த அழுத்தமும் தடுமாறும்.

வண்டியில் வாந்தி எடுக்கும் நாய்க்கு ஏற்காடு மலைப்பாதையை விட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஆனால் 20 கொண்டை ஊசி வளைவையும் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். வெறும் வயிற்றில் அடிவாரம் வரை போய் இறங்கி நடந்து திரும்புங்கள். அடுத்த வாரம் ஐந்து வளைவு. எச்சில் ஒழுகத் தொடங்கும் வளைவுக்கு முந்தினதில் நிறுத்த வேண்டும். மார்கழியில் மேலே ஏறினால் இன்னொரு லாபம், உடுப்பு போட்டுப் பழக்கலாம். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற ஒட்ட ரோம நாய்க்கு இங்கே குளிர்காலத்தில் கோட் இல்லாமல் முடியாது.

தனியே இருப்பதுதான் கடினம். சேலத்து வீட்டில் தாத்தாவோ அப்பத்தாவோ எப்போதும் இருப்பார்கள். இங்கே இரண்டு பேரும் வேலைக்குப் போவார்கள். செருப்பை மாட்டி, சாவியை எடுத்து, வெளியே போகாமல் உட்காருங்கள், நாய்க்கு அலுத்துப் போகும்வரை. பிறகு ஒரு நிமிடம் வெளியே, மூன்று, ஐந்து, பதினைந்து. அரை மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் மிச்சம் வேகமாக வரும். திரும்பி வந்ததும் கொஞ்சாதீர்கள். பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது நாயைப் பழக்குவதை விடக் கஷ்டம்.

சாப்பாடு: கறி, பால் சேர்ந்த எதையும், நாய்த் தீனிப் பாக்கெட்டானாலும், ஒன்றியத்துக்குள் கொண்டுவர முடியாது. இரு நாட்டிலும் கிடைக்கிற ஒரு பிராண்டுக்குப் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவிடுங்கள். கிளம்பும் முன் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை அவசியம். உள்ளே பதுங்கியிருக்கும் எர்லிக்கியா என்ற உண்ணிக் காய்ச்சல் கிருமி பயணக் களைப்பில் தலைதூக்கலாம்.

வந்து இறங்கியதும் நகராட்சியில் பதிந்து நாய் வரி கட்டுங்கள். பெர்லின் போன்ற மாநிலங்களில் நாய்க்கான பொறுப்புக் காப்பீடும் கட்டாயம். கழுத்தில் மாட்டும் முள் பட்டையைச் சேலத்திலேயே விட்டுவிடுங்கள். பழக்குவதற்கு அதைப் பயன்படுத்த 2022 முதல் தடை. சங்கிலியில் கட்டியே வளர்ப்பதற்கும் தடை வந்துவிட்டது. பனி பெய்தால் ரோட்டில் உப்புத் தூவுவார்கள். வீட்டுக்குள் நுழையும்போது பாதத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரலிடுக்கைத் துடைத்துவிடுங்கள்.