பூசாத சுவர்

பிப்ரவரி 8, புதுச்சேரி

கோல்கொண்டா விடுதியைத் தெருவில் நின்று பார்த்தேன். ஆன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நகாஷிமா உடனிருந்து 1930களின் பிற்பகுதியில் எழத் தொடங்கிய அரவிந்தர் ஆசிரமக் கட்டடம். வெயிலை மறித்துக் காற்றை விடும் சாய்தகடுகள் சுவரின் நீளத்துக்கும் அடுக்கடுக்காக நிற்கின்றன. கான்கிரீட்டைப் பூசாமல் அப்படியே காட்டும் கட்டடப் பாணிக்குப் புரூட்டலிசம் என்ற பெயர் 1950களில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்பே இந்த ஊரில் கான்கிரீட்டைப் பூசி மறைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 11

ஓவியர் செஹர் ஷாவும் புகைப்படக்காரர் ரந்தீர் சிங்கும் சேர்ந்து செய்த சயனோடைப் அச்சுகளில், அதாவது வெயிலில் காட்டி நீலத்தில் எடுக்கும் படங்களில், மாலை முழுவதும் போயிற்று. லண்டன் பார்பிகன் குடியிருப்பு, டெல்லி அக்பர் ஹோட்டல் என்று கான்கிரீட் கட்டடங்கள் எல்லாம் நீல நிறத்தில். கட்டடக் கலைஞர்கள் ஒரு காலத்தில் வரைபடங்களைப் படியெடுத்ததும் இதே முறையில்தான். தாளிலிருந்து கான்கிரீட்டான ஒன்றை மறுபடி தாளுக்கே கொண்டுவந்துவிட்டார்கள்! எவ்வளவு பொருத்தமான தேர்வு.

இடிபாட்டை அழகாக்கிக் காட்டும் படங்கள் எனக்கு ஆகாது. அங்கே வாழ்ந்தவர்களை அவை துடைத்துவிடுகின்றன. கொரியக் கலைஞர் டோ ஹோ சு அப்படிச் செய்யவில்லை. லண்டனில் 1972இல் கட்டி முடித்த ராபின் ஹுட் கார்டன்ஸ் என்ற கான்கிரீட் அடுக்குமாடிக் குடியிருப்பு இடிபடும் நேரத்தில், அவருடைய கேமரா வீடு வீடாக ஊர்ந்து, குடியிருந்தவர்களையும் அவர்களுடைய தட்டுமுட்டுச் சாமான்களையும் பதிவு செய்தது. 2018இல் வெனிஸ் பியனாலே என்ற கட்டடக்கலைக் கண்காட்சியில் அந்தப் படம் திரையிடப்பட்டது. கான்கிரீட்டைப் பற்றி நான் பார்த்தவற்றில் மனத்தை அதிகம் பிசைந்தது அதுதான்.

பிப்ரவரி 15

முதலியார்பேட்டையில் ஒரு வீட்டு வேலை நடக்கிறது. சென்டரிங் பிரித்த தூணில் பலகையின் ரேகை, முடிச்சு, ஆணித்தலை எல்லாம் அப்படியே பதிந்திருந்தன. டிரேசிங் தாளை ஒட்டிக் கரியால் தேய்த்தேன்.

“பூசாமல் விடுவதென்றால் பலகை அடைப்பது இரண்டு மடங்கு வேலை, தம்பி,” என்றார் மேஸ்திரி. “இடுக்கு இருந்தால் சிமென்ட் பால் ஒழுகி ஜல்லி தெரியும். பூச்சு இருந்தால் எதையும் மூடிவிடலாம்.”

பூசாத சுவரை அரைகுறை வேலை என்பவர்கள் இவரிடம் வந்து கேட்க வேண்டும்.

பிப்ரவரி 16

அதே சயனோடைப் முறையில், இரும்பு உப்புக் கரைசல் பூசிய தாளின் மேல் அந்தக் கரித் தேய்ப்பை வைத்து, கண்ணாடியால் அழுத்தி மொட்டை மாடி வெயிலில் காட்டினேன். தண்ணீரில் அலசியதும் மஞ்சள் கழன்று நீலம் ஏறியது. கரி பிடித்த இடங்கள் வெள்ளையாக நின்றன. இரண்டு பலகைகள் சேரும் கோடு மயிரிழை போலத் துல்லியம். அந்தக் கோட்டில் மேஸ்திரியின் கை இருக்கிறது.

அவருக்கு ஒரு படி எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அங்கே பூச்சு வேலை தொடங்குகிறது. அதற்குள் மற்றத் தூண்களையும் தேய்த்து எடுத்தாக வேண்டும்.