இரண்டாவது வரிசை, இடது ஓரம்

ஜனவரி 18

பேட்டரிகள் சார்ஜில். வேறெதற்கும் மனமில்லை.

ஜனவரி 20

லாக்கில், அதாவது நிறத்தைப் பின்னால் சேர்ப்பதற்காகச் சாம்பலாகப் பதியும் முறையில், எடுக்கப் போவதில்லை, முடிவு செய்தாயிற்று. சோனியின் எஸ்-லாக்3 என்றால் அப்புறம் கணினி முன் உட்கார்ந்து ஒவ்வொரு ஷாட்டாக நிறம் கொடுக்க வேண்டும். அதற்கு நேரம் யாரிடம் இருக்கிறது? அக்கா மகள் பாப்பா பாடும் கச்சேரி முடிந்த இரவே வீடியோ கோப்பு அக்காவின் டேப்லெட்டில் ஓடியாக வேண்டும். அந்தப் பழைய டேப்லெட் நிற விவரம் கூடுதலான 10-பிட் 4:2:2 கோப்பைப் பார்த்தாலே திணறுகிறது, ஆக 8-பிட்தான். 8-பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். லாக்கின் சாம்பல் படத்தை அதிலிருந்து இழுத்தால் பின்திரையின் இருட்டெல்லாம் திட்டுத் திட்டாகப் பிரியும்.

எனவே நிறம் கேமராவுக்குள்ளேயே முடிந்து வெளியே வரட்டும். எஸ்-சினிடோன் என்ற நிற அமைப்பு. சோனி தன் வெனிஸ் சினிமா கேமராவின் நிறத்தை வைத்துச் செய்து, 2019இல் எஃப்எக்ஸ்9 கேமராவில் கொண்டுவந்தது. இப்போது கைக்கு அடக்கமான கேமராக்களிலும் கிடைக்கிறது. முகத்தை மென்மையாக விடும், வெளிச்சமான இடங்களைச் சட்டென்று வெட்டாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஜனவரி 22

அக்கா பேசினாள். இன்று குரல் தெளிவு. "சினிமா மாதிரியெல்லாம் வேண்டாம்டா. அவ முகம் தெரியணும், அது போதும்."

ஜனவரி 24

முதல் மேடை ஒத்திகை. நீலம்.

எவனுக்குத்தான் தோன்றியதோ, மூன்றாவது பாட்டு முழுக்க நீல எல்இடி. முன்னாலிருந்தும் நீலம், பக்கவாட்டிலும் நீலம். இரண்டாவது வரிசை இடது ஓரத்தில் பாப்பா நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும், திரையில் தெரியவில்லை. மூக்கு, கண், வாய் எதுவும் இல்லாத ஊதாத் திட்டு.

கேமரா எச்சரிக்கவும் இல்லை. அதுதான் எரிச்சல். அதிக வெளிச்சத்தை எச்சரிக்கும் ஜீப்ரா கோடுகள் பார்ப்பது மொத்தப் பிரகாசத்தை. ரெக்.709 என்ற வீடியோ தரத்தின் கணக்கில் பிரகாசத்தில் பச்சைக்கு 0.7152 பங்கு, சிவப்புக்கு 0.2126, நீலத்துக்கு வெறும் 0.0722. நீலம் உச்சியில் முட்டி விவரமெல்லாம் அழிந்துபோன பிறகும் கேமராவுக்கு அது இருட்டுதான். மீட்டர் இன்னும் திற, இன்னும் திற என்கிறது. திறக்கத் திறக்க முகம் போகிறது. மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் இருந்தால் ஒழிய இதைக் கண்டுபிடிக்க முடியாது. எஸ்-சினிடோன், ஃபியூஜியின் எட்டர்னா, பானாசோனிக்கின் சினிலைக் டி, எந்த நிற அமைப்பைப் போட்டாலும் இதே கதைதான். சிவப்பும் பச்சையும் முகத்தில் விழவே இல்லை என்றால் எந்த புரொஃபைல் தோல் நிறத்தைக் கொண்டுவரும்?

இரவு வெகுநேரம் இதே யோசனை. தூக்கம் வராததற்கு நீலம் மட்டும் காரணமில்லை.

ஜனவரி 27

லைட் போடும் அண்ணனிடம் போய் நின்றேன். "அண்ணே, நீலத்தை எடுக்க வேண்டாம். அது பின்னாலிருந்து வரட்டும். முன்னாலிருந்து கொஞ்சம் வெள்ளை, இருபது சதவீதம் போதும்" என்றேன். மேலும் கீழும் பார்த்தார். "மூடு போயிடும் தம்பி." டான்ஸ் டீச்சருக்கும் அதே கவலையாம். என் சின்னத் திரையில் அந்த ஊதாத் திட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "என் பையனும் இதில நிக்கிறான்" என்றார் அப்புறம்.

ஜனவரி 28

போன் வரவில்லை. வெள்ளைச் சமநிலையைப் பகல் வெளிச்சத்துக்கான 5600 கெல்வினில் பூட்டிவிட்டேன்.

ஜனவரி 30

வெள்ளை வந்தது, கூடவே பட்டைகளும் வந்தன. எல்இடியை மங்கலாக்குவது என்றால் பெரும்பாலும் அதை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுவது. குறைத்து வைக்க வைக்க அணைந்திருக்கும் நேரம் கூடும், சென்சார் வரிவரியாகப் படிக்கும்போது அது பட்டையாக விழும். ஷட்டர் வேகம் 1/100 விநாடியில் அசிங்கம். 1/50இல் லேசாக. விநாடிக்கு 25 பிரேமுக்கு 1/50தான் எப்படியும் சரி. அண்ணன் தானாகவே ஒரு வழி சொன்னார்: விளக்கை அறுபது சதவீதத்துக்கு ஏற்றி, முன்னால் ஒளியை மென்மையாக்கும் டிஃப்யூஷன் தாளை மடித்துக் கட்டிவிடலாம். பட்டை போயே போச்சு. மனிதர் கெட்டிக்காரர்.

பின்வரிசைக்கு நண்பனின் ஃபியூஜி கேமரா கிடைத்தது. 2018இல் எக்ஸ்-எச்1 கேமராவுடன் வந்த எட்டர்னா அதிலும் இருக்கிறது. தனியாகப் பார்த்தால் அழகு. எஸ்-சினிடோனுக்குப் பக்கத்தில் வைத்தால் ஏதோ இரண்டு வேறு நாள் மாதிரி. நிறச் செறிவை ஒரு படி ஏற்றினேன். அகல ஷாட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்.

நான் பார்ப்பேன்.

பிப்ரவரி 1

படம் எடுக்க வேண்டாம் என்று வீட்டார் எழுதிக் கொடுத்த பிள்ளைகளின் பட்டியல் வந்தது. அதில் ஒரு குழந்தை பாப்பாவுக்கு நேர் முன்னால். இப்போது என்ன செய்வது? இடப்பக்கம் நகர்ந்து ஓரத்திலிருந்து நெருக்கமாக எடுத்தால் அந்தக் குழந்தை ஃபிரேமுக்கு வெளியே போய்விடும், பாப்பாவின் பாதி முகம் கிடைக்கும். பாதி போதுமா என்று அக்காவிடம் கேட்க முடியாது. நாளைக்கு அவளுக்கு ஸ்கேன்.

மியூசிக் டீச்சரிடம் கேட்டேன். இடம் மாற்றுவது பாட்டையே குழப்பும் என்றார். நியாயம்தான். எனக்குக் கோபம் வந்ததும் நியாயம்தான்.

பிப்ரவரி 2

இன்றும் ஒன்றும் தெரியவில்லை. பேட்டரிகளை மறுபடி சார்ஜில் போட்டேன், நிறைந்துதான் இருந்தன.

பிப்ரவரி 3

டீச்சர் கூப்பிட்டார். முதல் வரிசையை ஒரு படி கீழே இறக்கிவிட்டாராம். இடம் மாறவில்லை, உயரம் மாறியது. முக்காலியைக் கொஞ்சம் உயர்த்திச் சாய்த்தால் முழு முகம்.

பிப்ரவரி 4

இன்று. எல்லாம் மேனுவல். எக்ஸ்போஷரைக் கேமரா கையில் விட்டால் கறுப்புத் திரையைப் பார்த்துவிட்டு முகங்களை வெளுத்துவிடும். பாப்பா காலையிலேயே சொல்லிவிட்டாள்: "மாமா, என்னை மட்டும் எடுக்காதீங்க, எல்லாரும் சிரிப்பாங்க."

பிப்ரவரி 5

விடியற்காலை அனுப்பினேன். அந்தப் பாட்டில் ஒரு அப்பா போனைத் தலைக்கு மேல் தூக்கியதில் பதினைந்து விநாடி போயிற்று, மற்றபடி இருக்கிறது. நீலம் முடியில் மட்டும், முகத்தில் வெள்ளை.

அக்காவிடமிருந்து செய்தி: "பக்கத்துல நிக்கிற பையன் யாருடா, பாட்டு முழுக்க கொட்டாவி." அப்புறம் இன்னொன்று: அகலமாக எடுத்ததும் வேண்டுமாம், மாமியாரும் பார்க்க வேண்டுமாம். டாக்டர் பதினொரு மணிக்கு வருகிறாராம். அதற்குள் ஃபியூஜி கார்டிலிருந்து அந்த ஒரு பாட்டை மட்டும் வெட்டி